தனபாலன் இன்னும் பொறுப்பை ஒப்படைக்கவில்லை

கபாலீசுவரர் குளத்தில் இடுப்பளவு தண்ணீர் இருக்கும்போது அதில் இறங்கி நின்று சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறேன். கோடையில் கேட்டால் காய்ந்த படியில் நின்று செய்கிறேன். இங்கே நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இன்று சாயங்காலத்துக்குள் உதிரட்டும். அவை எப்படியும் உதிரப்போகின்றன என்று பல் டாக்டர் சொல்கிறார். அது வேறு விஷயம்.

எழுபதுகளில் அடையாற்றங்கரையில், ஆற்று வாடை ஜன்னல் வழியாக வந்து ஃபைல்களின் மேல் உட்காரும் தூரத்தில், நுண்கருவி வளர்ச்சிக் கழகம் என்று ஓர் அரசாங்க நிறுவனம் இருந்தது. நான் அதில் ஸ்டோர் கீப்பர். கழகத்தின் வேலை கருவிகளுக்கு மூளை செய்து கொடுப்பது. லிஃப்டோ, பம்போ, பில் போடும் மிஷினோ, எதுவானாலும் அதற்குள் மரவட்டையைப் போல் இரண்டு பக்கமும் கால் முளைத்த ஒரு சிப் இருக்கும். கருவி எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளையெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். எஞ்சினியர்கள் அந்தக் கட்டளைகளைத் துண்டு துண்டாக எழுதுவார்கள். துண்டுகளையெல்லாம் சேர்த்துக் கட்டி, காகித நாடாவில் துளைகளாகக் குத்தி வெளியே தள்ளுவதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு ப்ரோகிராம் இருந்தது. அது இல்லாமல் கழகத்திலிருந்து ஒரு சிப் வெளியே போக முடியாது.

சேர்ப்பதற்குக் கட்டுமானம் என்றும், வெளியே அனுப்புவதற்கு ஏற்றுமதி என்றும் பெயர் சூட்டி, அறை வாசலில் ‘கட்டுமானம் மற்றும் ஏற்றுமதிப் பிரிவு’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகையைப் படித்துவிட்டு காசிமேட்டிலிருந்து ஓர் இறால் வியாபாரி வந்து உட்கார்ந்தார். அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப விதியில் இடமில்லை. அதனால் ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். இறால் ஜப்பான் வரை போனதாகக் கேள்வி.

அந்தப் ப்ரோகிராம் ஒரே கட்டளையைப் பல வடிவங்களில் ஏற்றுமதி செய்யும். சிப்பில் பதிக்கும் மிஷினுக்கு ஒரு வடிவம், சோதனைப் பிரிவுக்கு ஒன்று, தணிக்கைக்கு ஒன்று. டெல்லிக்கென்று தனியாக ஒரு வடிவம் உண்டு. அதைப் படிக்கும் மிஷின் டெல்லியில் கிடையாது. ஆகவே டெல்லியிலிருந்து பாராட்டு மட்டுமே வரும்.

இவ்வளவையும் எழுதி, வருஷக்கணக்காகப் பராமரித்தவர் தனபாலன். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் காகித நாடா சுருண்டிருக்கும். ஒரு நாள் மத்தியானம், ஒரு மணி அடிக்கச் சற்று முன்னால், எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறக்கக் காத்திருந்த நேரத்தில், ப்ரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்துபோனார். நாடா குத்தி முடிகிற வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. கழகத்தில் பலரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் வித்தியாசம் புலப்படவில்லை.

அரசாங்க அலுவலகத்தில் ஒருவர் ஒரு பொறுப்பை விட்டுப் போக வேண்டுமானால் அதற்கு ஒரு சடங்கு இருக்கிறது. போகிறவர் ‘ஒப்படைத்தேன்’ என்பார். வருகிறவர் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்பார். முற்பகலா பிற்பகலா என்று குறிப்பார்கள். இது நடக்காத வரை பழையவர்தான் பொறுப்பு. மாற்றல் ஆனாலும் அவர்தான், சிறைக்குப் போனாலும் அவர்தான். சாவைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. ஆகவே தனபாலனே தொடர்ந்து பொறுப்பில் இருந்தார்.

கழகத்துக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. ப்ரோகிராமை ஓட்டும் ஒவ்வொரு முறையும் டெலிடைப், அதாவது கம்ப்யூட்டரோடு சேர்ந்த தட்டச்சு மிஷின், ஒரு கேள்வியை அடிக்கும். ஆங்கிலத்தில்தான் அடிக்கும், நான் தமிழில் சொல்கிறேன்: பொறுப்பு யார்? ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் ‘தனபாலன்’ என்று அடிப்பார். நாடா வரும். அந்தச் சிப்பில் பிறகு தப்பு தெரிந்தால் தனபாலனுக்கு ஒரு மெமோ போகும். எல்லாரும் ஐந்து மணிக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

இந்தப் பிரிவுக்குத்தான் சண்முகவேல் வந்து சேர்ந்தார். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கத்தின் தங்கை மகன். துணி கிழிப்பதில் நாட்டமில்லாமல் எஞ்சினியரிங் படித்தவர். எதைச் சொன்னாலும் நம்புகிற முகம், எதையும் புரிந்துகொள்ளாத கண்கள். அரசாங்கத்துக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார் என்று நானே நினைத்தேன்.

முதல் நாள் டெலிடைப்புக்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியில் உட்காரப் போனார். சூப்பரின்டெண்ட் பங்கஜம் ஓடிவந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பங்கஜம் மயிலாப்பூர் மாட வீதியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, மாட வீதியைத் தாண்டுவது ஆபீசுக்காக மட்டும்தான் என்று இருந்தவர்.

“அதுல உக்காராதேள். தனபாலன் சீட்டு. அவர் இன்னும் சார்ஜ் ஒப்படைக்கலை.”

“எங்க போயிருக்காரு மேடம்?”

“கிருஷ்ணாம்பேட்டைக்கு,” என்றார் பங்கஜம், கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார் என்பது போல. கிருஷ்ணாம்பேட்டை மயிலாப்பூர்க்காரர்களின் சுடுகாடு என்பது தெற்கத்திப் பிள்ளையான சண்முகவேலுக்குத் தெரியவில்லை. எப்போது வருவார் என்று கேட்டார். பங்கஜம் நாற்காலிக்கு மேலே இருந்த ஃபேனைப் போட்டுவிட்டு, மேஜையில் ஒரு டம்ளர் காபியை வைத்துவிட்டுப் போனார். தினமும் வைப்பார். சாயங்காலம் டம்ளர் காலியாக இருக்கும். யார் குடித்தது என்று யாரும் கேட்டதில்லை. ஸ்டோரில் எனக்குக் காபி வருவதில்லை என்பதை மட்டும் இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

சண்முகவேலுக்குக் கொடுத்த முதல் வேலை சைரன். கழகத்துக்குச் சற்று மேற்கே, கோட்டூர்புரம் பக்கம், ஆற்றை ஒட்டிக் குடிசைகள் இருந்தன. மழைக்காலத்தில் ஏரியைத் திறந்துவிட்டால் ஆறு வீட்டுக்குள் வரும். சனங்களுக்கு முன்கூட்டியே தெரியட்டும் என்று ஒரு கம்பம் நட்டு, ஆற்றில் ஒரு மிதவை போட்டு, தண்ணீர் கோட்டைத் தாண்டினால் அலறுகிற சைரன் ஒன்றைச் செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சண்முகவேல் கட்டளைகளை ஒழுங்காகவே எழுதினார். ப்ரோகிராமை ஓட்டினார். பொறுப்பு யார் என்று கேட்டபோது, பக்கத்தில் நின்றவர்கள் சொன்னபடி, ‘தனபாலன்’ என்று அடித்தார். சிப் தயாரானது. ஆபீஸ் வாசலில் வாளித் தண்ணீரில் மிதவையைப் போட்டுச் சோதித்தார்கள். அது அலறிய அலறலில் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த தணிக்கைக்காரர் எழுந்து, அன்றைய தேதி என்ன என்று கேட்டார். பெரிய வெற்றி.

ஐப்பசியில் முதல் மழை. ஒரு நாள் நண்பகலில் ஆறு ஏறியது. சைரன் அலறியது. சனங்கள் சட்டி பானையோடு மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். மணி ஒன்று ஆனதும் சைரன் டக்கென்று நின்றது. தண்ணீர் வடிந்துவிட்டதாக்கும் என்று எல்லாரும் திரும்பி வந்து அடுப்பு மூட்டினார்கள். தண்ணீர் வடியவில்லை. மூட்டிய அடுப்போடு வீட்டுக்குள் வந்து நின்றது. மணி இரண்டு ஆனதும் சைரன் மறுபடி அலறியது. அதற்குள் எல்லாருக்கும் இடுப்பு நனைந்திருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அந்த முறை தப்பித்தார்கள்.

மறுநாள் பாஞ்சாலி வந்தாள். அந்தக் குடிசைகளில் இருப்பவள், கழகத்து வாசலில் இட்லிக்கடை போடுபவள். கழகத்தில் இருந்த எஞ்சினியர்களில் பாதிப்பேர் அவளிடம்தான் சாப்பிட்டார்கள் என்பதால் வாட்ச்மேன் தடுக்கவில்லை. நேராக சண்முகவேல் முன்னால் வந்து நின்றாள்.

“இன்னா நைனா, உங்க சங்கு ஒரு மணி ஆனா சோறு துன்னப் போய்க்கினு கீதே. தண்ணி சோறு துன்னப் போவுமா?”

சண்முகவேல் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். அவள் போகவில்லை. தன் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி என்றும், கண் தெரியாத மாமியார் ஒருத்தி இருக்கிறாள் என்றும், சங்கை நம்பித்தான் இவர்களை வீட்டில் விட்டுவிட்டு இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு வருவதாகவும் சொன்னாள். அடுத்த தடவை ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊதுமா என்று கேட்டாள். ஊதும் என்று சண்முகவேல் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தார். ஊதாது.

காரணம் இதுதான். கழகம் ஆரம்பித்த புதிதில் தனபாலன் செய்த முதல் கருவி, கழகத்துக்கே உரிய ஆபீஸ் மணி. பத்துக்கு ஆரம்பம், ஒன்றுக்குச் சாப்பாடு, இரண்டுக்கு மறுபடி வேலை, ஐந்துக்கு முடிவு, ஞாயிறும் இரண்டாம் சனியும் விடுமுறை. அந்த மணிக்காக எழுதிய பகுதியை ‘பொதுப் பகுதி’ என்று பெயரிட்டுக் கட்டுமானப் ப்ரோகிராமிலேயே வைத்திருந்தார். அதற்குப் பிறகு எந்தக் கருவியின் கட்டளை உள்ளே போனாலும், பொதுப் பகுதியும் சத்தமில்லாமல் அதனோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. கழகம் செய்த ஒவ்வொரு கருவியும் அரசாங்க ஊழியராகத்தான் பிறந்தது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு சண்முகவேலுக்குத் தூக்கம் போயிற்று. மத்தியானம் ஒரு மணிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் காது கூர்மையாகிவிட்டது. நந்தனத்தில் ஓர் ஆபீசில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் பழக்கப்பட்டவர்கள், டிபன் பாக்ஸோடுதான் ஏறுவார்கள். அதே நொடியில் மயிலாப்பூரில் ஒரு பம்பு நின்றது. அதே நொடியில் தி. நகரில் அவருடைய மாமாவின் கடையில் பில் மிஷின் நின்றது. ஊரெங்கும் ஒரே மூச்சாக நின்று, ஒரு மணி நேரம் கழித்து ஒரே மூச்சாகக் கிளம்பின. இறந்த மனிதர் ஒருவர் நகரம் முழுவதும் சாப்பிட உட்கார்ந்து, கை கழுவி எழுந்திருப்பது போல அவருக்குத் தோன்றியது. இதை என்னிடம் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. ஸ்டோரில் எங்களைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

மாமா சுயம்புலிங்கம் குரலைத் தாழ்த்தவில்லை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, கடையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம், பில் மிஷின் காலையிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை. “ஏல சம்முவம், கவர்மெண்டு மிசினுன்னு நம்பி வாங்குனேம்லா. அது கவர்மெண்டு கணக்காவே இருக்குல,” என்றார்.

சண்முகவேல் பொதுப் பகுதியை நீக்கிவிட முடிவு செய்தார். டெலிடைப் முன்னால் நின்றபடியே நீக்கச் சொன்னார். மிஷின் ஒரு வரி அடித்தது: பராமரிப்பவரின் ஒப்புதல் வேண்டும். பொறுப்பு யார்? வழக்கம்போல ‘தனபாலன்’ என்று அடித்தார். மிஷின் சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு அடித்தது: தனபாலன் ஒப்புக்கொள்ளவில்லை.

அடித்த விதம்தான் அவரை நடுங்க வைத்தது. வார்த்தைகள் சீராக வந்தன. வாக்கிய முடிவில் மட்டும் ஒரு தயக்கம். அப்புறம் முற்றுப்புள்ளி, ஆணி அடித்தது போல. பங்கஜம் தன் சீட்டிலிருந்தே நிமிர்ந்து பார்த்தார். “அவர் அப்படித்தான் அடிப்பார். சுண்டு விரல்ல வாதம் அவருக்கு,” என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்.

விஷயம் இயக்குநர் மாணிக்கவாசகத்திடம் போனது. மாணிக்கவாசகம் எந்தப் பிரச்சினையையும் கூட்டம் போட்டே எதிர்கொள்பவர். கூட்டம் முடியும்போது பிரச்சினை களைத்துப்போயிருக்கும். சண்முகவேல் எழுந்து, தனபாலனிடமிருந்து பொறுப்பை வேறு யாராவது ஏற்றுக்கொண்டால்தான் ப்ரோகிராமைத் திருத்த முடியும் போலிருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அறையில் இருந்த எல்லாரும் தங்கள் பேனா மூடியை ஆராய ஆரம்பித்தார்கள். இயக்குநர் மட்டும் புன்னகையோடு எழுந்தார். அவர் பேசியது எனக்கு இன்னும் மனப்பாடம்.

“நண்பர்களே, பொறுப்பேற்க ஆளில்லாமல் எத்தனையோ நிறுவனங்கள் தவிக்கின்றன. நமக்கு ஓர் ஆள் இருக்கிறார். அவர் லீவு கேட்பதில்லை. பதவி உயர்வு கேட்பதில்லை. தவறு நடந்தால் விளக்கம் கேட்கிறோம், மௌனமாக ஏற்றுக்கொள்கிறார். இப்படி ஓர் அதிகாரி என் சர்வீசில் எனக்குக் கிடைத்ததில்லை. அவரை விடுவிக்கச் சொல்கிறார் தம்பி. விடுவித்தால் அந்த நாற்காலியில் உயிரோடு ஒருவர் உட்கார வேண்டி வரும். அப்புறம் தவறு நடந்தால் நாம் அவரைக் கேட்போம். அவர் என்னைக் கேட்பார். ஒரு நிறுவனம் அழிவது இப்படித்தான்.”

கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகும் தனபாலனுக்கென்று போட்டிருந்த காலி நாற்காலியின் பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு கைதட்டல் வந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

வெள்ளத்துக்கு என்ன செய்வது என்று சண்முகவேல் கேட்டார். அதற்கும் வழி சொன்னார்கள். ஏரியின் உபரி நீரை வேலை நாட்களில், பத்திலிருந்து ஒன்றுக்குள்ளும் இரண்டிலிருந்து ஐந்துக்குள்ளும் மட்டும் திறந்துவிடும்படி சம்பந்தப்பட்ட இலாகாவுக்கு எழுதுவது. ஒப்புதல் தர மறுத்த தனபாலனுக்கு ஒழுங்கு நடவடிக்கை மெமோ ஒன்றை நேரில் கொடுப்பது. எழுதியவர்கள் எழுதினார்கள். நேரில் கொடுக்கும் வேலை சண்முகவேலுக்கு வந்தது.

அவர் கிருஷ்ணாம்பேட்டைக்குப் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஈர விறகின் புகை மேலே போக மனமில்லாமல் தரையோடு ஊர்ந்துகொண்டிருந்தது. காவலாளி வேலு மெமோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தனபாலன் என்ற பெயரை ஞாபகம் வைத்திருந்தான், சட்டைப் பையில் காகித நாடாவோடு வந்தவர் என்று. நாடா மட்டும் எரியவே இல்லை என்றும் சொன்னான். ஒப்புகைக் கையெழுத்து வேண்டும் என்றார் சண்முகவேல்.

“இங்க வர்றவங்க இன்னா குடுத்தாலும் வாங்கிக்குவாங்க சார். கையெய்த்து மட்டும் போட மாட்டாங்க. பேனா கீது. கைதான் இல்ல.”

‘பெறுபவர் கையெழுத்திட மறுத்தார்’ என்று குறிப்பெழுதி, மெமோவைச் சாம்பலின் மேல் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு சண்முகவேல் திரும்பினார். இயக்குநருக்குப் பரம திருப்தி. கையெழுத்திட மறுப்பது தனிக் குற்றம், அதற்கு இன்னொரு மெமோ தயாரிக்கச் சொன்னார். அன்று சாயங்காலம் யாரும் தொடாமலேயே டெலிடைப் ஒரு வரி அடித்தது. மெமோ கிடைத்தது, விளக்கம் தர அவகாசம் வேண்டும் என்று. பிறகு தயக்கம். பிறகு முற்றுப்புள்ளி.

அவகாசம் வழங்கப்பட்டது. விதியில் அதற்கு இடம் இருந்தது.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தது. ஏரி நிரம்பிக்கொண்டிருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடக்கூடும் என்றும் ரேடியோவில் சொன்னார்கள். கழகம் எழுதிய கடிதத்துக்குச் சம்பந்தப்பட்ட இலாகாவிலிருந்து வெள்ளிக்கிழமை பதில் வந்தது. தண்ணீருக்கு அலுவலக நேரம் நிர்ணயிப்பது குறித்துக் கொள்கை அளவில் ஆட்சேபம் இல்லையென்றும், அடுத்த ஆண்டு பரிசீலிப்பதாகவும் எழுதியிருந்தார்கள்.

அன்று பாஞ்சாலி இட்லிக்கடை போடவில்லை. வெறுங்கையோடு வந்து பிரிவின் வாசலில் நின்றாள். புடவை முழங்கால் வரை ஈரம்.

“நாயித்துக்கெயம தொறக்கறாங்களாமே. சங்கு ஊதுமா ஊதாதா, ஒரே வார்த்த சொல்லு நைனா. ஊதாதுன்னா இப்பவே கெயவியத் தூக்கிக்கினு பள்ளிக்கூடத்தாண்ட போயி குந்திக்கறேன். வூடு போனாப் போவுது. போன தபா ஊதும்னு நீ சொல்லித்தான் இத்தினி நாளு நம்பிக்கினு இருந்தோம்.”

ஊதாது என்று சொல்லியிருக்கலாம். அவள் தன் வீட்டாரைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். ஆனால் ஆற்றோரம் முழுக்கக் குடிசைகள். ஒவ்வொரு வாசலிலும் போய் ஊதாது, ஊதாது என்று சொல்ல எந்த அதிகாரியும் போகப்போவதில்லை. ஊதும் என்று மட்டும் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. கம்பத்தில் தகடு அடித்துச் சொல்லியாகிவிட்டது. சண்முகவேல் அவளைக் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மணி ஒன்று அடித்து எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் டெலிடைப் வேலை செய்யாது, அதுவும் பொதுப் பகுதிக்குக் கட்டுப்பட்டதுதான். சண்முகவேல் முதல் தடவையாகத் தனபாலனின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இருக்கை சூடாக இருந்ததாகப் பிறகு சொன்னார். மேலே ஃபேன் நின்றது. டெலிடைப் தானாக உறுமி விழித்துக்கொண்டு கேட்டது: பொறுப்பு யார்?

அவர் தன் பெயரை அடித்தார். அந்தக் கேள்விக்கு அந்தக் கழகத்தில் தனபாலன் அல்லாத ஒரு பெயர் பதிலாகப் போனது அதுதான் முதல் முறை.  வெளியே மழைச் சத்தம் மட்டும். மிஷின் அடித்தது: உயிரோடு இருப்பவரா?

ஆம் என்று அடித்தார்.

யோசித்துச் சொல்லவும். முன்னால் நடந்ததெல்லாம் சேர்ந்து வரும்.

நின்ற லிஃப்ட், நின்ற பம்பு, மாமாவின் கடை, நனைந்த அடுப்புகள், டெல்லிக்குப் போன படிக்க முடியாத நாடாக்கள் எல்லாம் அவர் கண்முன் வந்தன. அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பென்ஷனுக்கு இன்னும் ஒரு வாழ்நாள் பாக்கி இருந்தது. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாஞ்சாலி புடவையின் ஓரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவர் அடித்தார்: ஏற்றுக்கொண்டேன்.

தயக்கம் இந்த முறை இல்லை. ஒப்படைத்தேன், பிற்பகல், என்று வேகமாக அடித்தது. முற்றுப்புள்ளி மெதுவாக, வலியில்லாமல் விழுந்தது. ஃபேன் மறுபடி சுற்றியது. பொதுப் பகுதி இல்லாத முதல் நாடா குத்திக்கொண்டு வெளியே வந்தது. பங்கஜம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது காபி டம்ளர் நிறைய அப்படியே இருந்தது, மேலே ஆடை படிந்து. அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாஷ் பேசினில் ஊற்றினார்.

புதிய சிப்பை டிபன் பாக்ஸுக்குள் பஞ்சு வைத்துப் பொதிந்து சண்முகவேல் கம்பத்துக்குக் கொண்டுபோனார். பாஞ்சாலி ஒரு தார்ப்பாயை இரண்டு கையாலும் விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். அவர் பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினார். கால் ஒன்று மடங்கியது, நிமிர்த்திச் செருகினார். “அழுத்திக் குத்து நைனா, ஒடைஞ்சிடாது,” என்றாள் பாஞ்சாலி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சரியாகச் சாப்பாட்டு நேரத்தில், ஏரியைத் திறந்தார்கள். சைரன் ஊதியது. ஒரு மணிக்கும் ஊதியது, இரண்டுக்கும் ஊதியது. சனங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டார்கள். கண் தெரியாத கிழவி எல்லாருக்கும் முன்னால் போனாளாம், சத்தம் தனக்குத்தான் நன்றாகக் கேட்கும் என்று சொல்லிக்கொண்டு. குடிசைகள் போயின. ஆள் ஒருவரும் போகவில்லை.

திங்கட்கிழமை காலை கூட்டம். இயக்குநரின் முகம் கறுத்திருந்தது. விடுமுறை நாளில், அதுவும் சாப்பாட்டு நேரத்தில், கழகத்தின் கருவி ஒன்று முன் அனுமதியின்றி வேலை செய்திருக்கிறது. இன்று சைரன் செய்தால் நாளை மற்றவையும் செய்யும். கருவிகளைப் பார்த்து ஊழியர்களும் செய்ய நேரிடலாம். இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். அது பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அல்ல. பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

சண்முகவேல் எழுந்தார். “நான்தான் சார் பொறுப்பு,” என்றார்.

இத்தனை வருஷம் பேயோடு சாதாரணமாகப் பழகிய அலுவலகம், இப்போதுதான் பயந்தது. ஒருவர் ஜன்னலைச் சாத்தினார். தணிக்கைக்காரர் கையில் இருந்த பேனா கீழே விழுந்தது, அதை எடுக்க அவர் குனியவில்லை. அந்த வாக்கியத்தை அந்தக் கட்டடத்துக்குள் உயிரோடு ஒரு மனிதர் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. இயக்குநர் இரண்டடி பின்வாங்கி, தம்பிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். அன்றிலிருந்து சண்முகவேல் வரும்போது வராந்தாவில் எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். அவர் உட்காரும் வரிசையில் யாரும் சாப்பிட உட்காரவில்லை. கதவு நிலையில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார்கள், செலவு எந்தத் தலைப்பில் எழுதப்பட்டது என்பது எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ப்ரோகிராம் கேட்கும்போது மட்டும் எல்லாரும் தயங்காமல் ‘சண்முகவேல்’ என்று அடித்தார்கள். பங்கஜம் மட்டும்தான் வழக்கம்போல அந்த மேஜையில் காபி வைத்தார். அதைச் சண்முகவேல் எல்லாரும் பார்க்கக் குடித்தார். அது அவர்களை இன்னும் பயமுறுத்தியது.

சைரன் விதிமீறி ஊதியதா என்று விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். பாஞ்சாலியைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். “ஊதுச்சு சார். காது கிய்ய ஊதுச்சு. அதான் இங்க நின்னுக்கினு பேசிக்கினு கீறேன்,” என்றாள். வேறு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு இட்லிப் பானையை இறக்கி வைத்தாள். குழு சாப்பிட்டது.

கடைசியாக, ஒரு வருஷம் இழுத்தடித்த பிறகு, குழு ஸ்டோருக்கு வந்தது. என்னிடம் கேட்டார்கள், நான் உள்ளதைச் சொன்னேன். வாளியில் சோதித்த பிறகு அந்தச் சைரன் ஸ்டோரில் மரப்பெட்டிக்குள்தான் இருந்தது. பெட்டியைப் பிரித்துக் கம்பத்தில் மாட்டக் கொடுத்தனுப்பியவன் நான்தான். கொடுத்தது வெள்ளத்துக்கு அடுத்த வருஷம், பங்குனியில்.